தண்டனையா, சீரமைப்பா? – தொடக்கப் பள்ளியில் ஒரு தர்ம விசாரம்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் மாண்டவ்யர் என்னும் முனிவரின் வரலாறு வருகிறது. அவர் மௌன விரதம் பூண்டு ஆசிரம வாயிலில் தவம் செய்துகொண்டிருந்தார். கொள்ளைப் பொருளுடன் ஓடிவந்த திருடர்கள் சிலர் அந்த ஆசிரமத்திற்குள் ஒளிந்து கொண்டனர். பின்தொடர்ந்து வந்த காவலர், 'திருடர்கள் எப்பக்கம் சென்றனர்?' என்று முனிவரைக் கேட்டனர். அவர் விடை கூறவில்லை. தேடிப் பார்த்தபோது திருடர்களும் பொருளும் ஆசிரமத்திலேயே அகப்படவே, பேசாதிருந்த முனிவரும் உடந்தை என்று அவர்கள் முடிவு கட்டினர். மன்னன் அவரைக் கழுவேற்றும்படி ஆணையிட்டான்.

தவ வலிமையால் முனிவர் இறக்கவில்லை. உண்மையை அறிந்த மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கோரினான். கழுவை அவரது உடலிலிருந்து உருவ முயன்றார்கள், இயலவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்தனர். முனை உள்ளேயே தங்கிவிட்டது. அதனால் அவருக்கு ஆணிமாண்டவ்யர் என்ற பெயர் ஏற்பட்டது.

பின்னர் அவர் தர்மதேவனிடம் சென்று, 'நான் செய்த எந்தப் பாவத்திற்கு இந்தத் தண்டனை?' என்று கேட்டார். 'சிறுவனாக இருந்தபோது நீர் பூச்சியைப் புல்லால் குத்தித் துன்புறுத்தினீர். அதன் பலன் இது' என்றான் தர்மதேவன். முனிவர் அந்த விடையை ஏற்கவில்லை. சிறிய குற்றத்திற்குப் பெரிய தண்டனை தந்ததற்காகத் தர்மதேவனையே மண்ணுலகில் பிறக்கும்படி சபித்தார். விதுரர் பிறந்தது அவ்வாறுதான். அத்துடன், பதினான்கு வயது நிறையும்வரை செய்யும் செயல் பாவமாகாது என்ற ஓர் எல்லையையும் முனிவர் வகுத்தார்.

தர்மத்தின் தலைவனே ஒரு குழந்தையின் பொருட்டுத் திருத்தப்பட வேண்டியிருந்தது என்பது நம் இதிகாசம் சொல்லும் அரிய செய்தி. குழந்தை தவறு செய்யும்போது நீதி என்பது என்ன? அதைத் தண்டிப்பதா, தண்டிக்காமல் விட்டுவிடுவதா, அல்லது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டா? இக்கேள்வி இன்று ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அன்றாடம் எழுகிறது.

சட்டம் சொல்வது

2002-ஆம் ஆண்டின் 86-வது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. முனிவர் வகுத்த எல்லையும் இந்த எல்லையும் ஒன்றாக அமைந்திருப்பது தற்செயலே ஆயினும் சிந்திக்கத் தக்கது. அந்த உரிமைக்கு உருவம் தந்த 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனது 17-ஆம் பிரிவில், எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட பின்னரும், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்ற விதி தொடர்கிறது. குற்றவியல் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் எச்செயலும் குற்றமாகாது என்று 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் கூறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையும் அதையே கூறுகிறது.

எனினும் சட்டம் ஒன்று, பழக்கம் வேறொன்று. மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 சதவீதத்தினர், அதாவது மூவரில் இருவர், உடல் தண்டனைக்கு ஆளானதாகக் கூறினர். பிரம்பைக் கீழே வைத்துவிட்ட பள்ளிகளிலும் பிரம்பின் மனம் நீங்கிவிட்டதாகக் கூற இயலாது. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தல், மற்றவர் முன்னிலையில் இகழ்தல், 'இவனோடு யாரும் பேசாதீர்கள்' என்று ஒதுக்குதல் ஆகியவை உடலில் தழும்பை விடுவதில்லை. ஆணியின் முனையோ உள்ளே தங்கிவிடுகிறது.

சட்டம் 'அடிக்காதே' என்று சொல்கிறது. 'அடிப்பதற்குப் பதிலாக என்ன செய்வது?' என்ற ஆசிரியரின் கேள்விக்கு விடை சொல்வது தர்ம சிந்தனையின் பொறுப்பாகும்.

தண்டனையின் மூன்று நியாயங்கள்

தண்டனைக்குத் தத்துவ அறிஞர்கள் பொதுவாக மூன்று நியாயங்களைக் கூறுவர். தவறு செய்தவன் அதற்குரிய துன்பத்தை அனுபவித்தாக வேண்டும் என்பது முதலாவது. ஜெர்மானிய அறிஞர் கான்ட் இதனை உறுதியாக வலியுறுத்தினார். அஞ்சி விலகுவர் என்பது இரண்டாவது. தவறியவன் திருந்துவான் என்பது மூன்றாவது.

முதல் நியாயம், தான் செய்வதை முழுமையாக அறிந்து செய்யும் முதிர்ந்த மனிதனை முன்னிட்டது. எட்டு வயதுக் குழந்தைக்கு அது பொருந்துமா? ஆங்கிலத் தத்துவ அறிஞர் பி.எஃப். ஸ்ட்ராசன் 1962-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், மனிதர்களிடம் நாம் கொள்ளும் கோபம், நன்றி, மனத்தாங்கல் முதலிய உணர்வுகளை ஆராய்ந்தார். முதிர்ந்தவரிடம் நாம் கோபிக்கிறோம். அதுவே அவரை மனிதராக மதிப்பதன் அடையாளம். சித்தம் கலங்கியவரிடம் கோபிப்பதில்லை. அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டியவராக மட்டும் காண்கிறோம். குழந்தையோ இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. நாள்தோறும் ஒன்றிலிருந்து மற்றொன்றை நோக்கி நகர்கிறது. ஆகவே குழந்தையை முழுப் பொறுப்பாளியாக எண்ணித் தண்டிப்பதும் பிழை; பொறுப்பே இல்லாததாகக் கருதி 'போகட்டும், குழந்தைதானே' என்று விடுவதும் பிழை. முன்னது கொடுமை, பின்னது அவமதிப்பு. பொறுப்பைக் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குத் தேவை, பொறுப்பேற்கப் பழகும் வாய்ப்பு.

இரண்டாவது நியாயமான அச்சம் உடனே பலன் தருவது உண்மை. அச்சம் கற்பிக்கும் பாடம் 'அகப்படாதே' என்பதாகும்; 'செய்யாதே' என்பதன்று. ஆசிரியர் அறையை விட்டுச் சென்றதும் அந்தப் பாடத்தின் பலனை நாம் காணலாம்.

மூன்றாவதான திருத்தம் உயர்ந்த நோக்கம். ஆனால் ஒருவன் திருந்த வேண்டுமானால், தன் செயல் பிறர்மீது என்ன விளைவை ஏற்படுத்தியது என்பதை அவன் காண வேண்டும். தண்டனை பெறும் குழந்தையின் கவனம் தன் வலியின்மீதும், வலி தந்தவர் மீதும் செல்கிறது. தன்னால் வலி பெற்ற நண்பன்மீது செல்வதில்லை. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-இல் எழுதிய நூலில் இரண்டு வகை வெட்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, 'நீ கெட்டவன்' என்று முத்திரை குத்தி விலக்குவது. மற்றொன்று, 'நீ நம்மவன்; இச்செயல் உனக்குத் தகாது' என்று கூறி மீண்டும் அணைத்துக்கொள்வது. முன்னது தவறைப் பெருக்குகிறது, பின்னது தடுக்கிறது.

தண்டத்திற்கும் பிராயச்சித்தத்திற்கும் நம் மரபு வகுத்த வேறுபாடும் இங்கே நினைக்கத் தக்கது. தண்டம் வெளியிலிருந்து வருகிறது. பிராயச்சித்தம் செய்தவன் தானே உணர்ந்து ஏற்பது. தமிழில் அதனைக் கழுவாய் என்கிறோம். கறையைக் கழுவ வேண்டியவர் கறைபட்டவரே. அவருக்கு நீர் முகந்து தருவது மட்டுமே பிறரால் இயலும்.

இழப்பைச் சீர்செய்யும் நீதி

இக்கருத்துக்கு நவீன உலகில் ஒரு செயல்வடிவம் உருவாகியிருக்கிறது. 1974-இல் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் ஓர் இரவில் 22 இடங்களில் பொருள்களைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை அலுவலர் ஒருவர், அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீடு வீடாக அனுப்பி நேரில் சந்திக்கச் செய்யலாம் என்று நீதிபதியிடம் பரிந்துரைத்தார். நீதிபதி இசைந்தார். இளைஞர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, தாங்கள் செய்ததை ஒப்புக்கொண்டு, இழப்பை ஈடு செய்தனர். நியூசிலாந்து 1989-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், மாவோரிப் பழங்குடி மரபைத் தழுவி, தவறிய சிறுவர்களின் வழக்குகளில் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டோரும் ஒன்றாக அமர்ந்து பேசும் முறையைக் கொண்டுவந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி இதனைக் கையாளவே, இம்முறை பள்ளிகளுக்குள்ளும் வந்தது. நம் நாட்டில், பெங்களூரில் 2001-இல் தொடங்கப்பட்ட என்ஃபோல்டு அறக்கட்டளை குழந்தைகளிடையே இத்தகைய சீரமைப்பு முறைகளை வளர்க்கும் பணியில் ஈடுபட்டு வருகிறது.

இம்முறையின் உயிர், கேள்வியை மாற்றுவதில் இருக்கிறது. 'எந்த விதி மீறப்பட்டது? யார் மீறியது? என்ன தண்டனை?' என்பது பழைய கேள்வி. 'என்ன நடந்தது? யார் துன்புற்றார்? அவருக்கு இப்போது என்ன தேவை? அதைச் செய்வது யார் பொறுப்பு?' என்பது புதிய கேள்வி. நார்வே நாட்டு அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி 1977-இல், சச்சரவும் ஒரு சொத்துதான். வல்லுநர்கள் அதை உரியவர்களிடமிருந்து பறித்துக்கொள்கின்றனர் என்றார். இரண்டு குழந்தைகளின் சண்டையைத் தலைமையாசிரியர் தம் மேசைக்கு எடுத்துச் சென்று தீர்ப்பளிக்கும்போது, தங்கள் பிணக்கைத் தாங்களே தீர்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் குழந்தைகள் இழக்கின்றனர்.

லிங்கராஜபுரத்தில் ஒரு வகுப்பறை

இதனை ஓர் உதாரணத்தால் எண்ணிப் பார்ப்போம். பெங்களூரின் வடகிழக்கில், கம்மனஹள்ளிக்கும் காக்ஸ் டவுனுக்கும் அண்மையில் உள்ள லிங்கராஜபுரம், பல மொழியினர் கலந்து வாழும் பகுதி. அங்குள்ள ஒரு மூன்றாம் வகுப்பில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, மலையாளம் என்று வெவ்வேறு மொழிகளை வீட்டில் பேசும் குழந்தைகள் அருகருகே அமர்ந்திருக்கக் கூடும். பாடமோ ஆங்கிலத்தில் நடக்கலாம்.

அப்படிப்பட்ட வகுப்பில் ஒரு சிறுவன் புதிதாகச் சேர்கிறான் என்று கொள்வோம். வீட்டில் தமிழ் மட்டுமே பேசியவன். அவன் கன்னடச் சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கைச் சிறுவன் அதைப்போல் பேசிக் காட்டுகிறான், சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர். இது பல நாட்கள் நடக்கிறது. ஒரு நாள் புதியவன் மற்றவனின் வண்ணப் பென்சில் பெட்டியைத் தூக்கி எறிகிறான். பெட்டி உடைகிறது, பென்சில்கள் முறிகின்றன. ஆசிரியர் திரும்பிப் பார்க்கும்போது உடைந்த பெட்டியும் அழும் சிறுவனும் கண்ணில் படுகின்றனர். 'ஏன் செய்தாய்?' என்று கேட்கிறார். புதியவன் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல அவனுக்கு அந்த மொழி இல்லை.

இங்கேதான் மாண்டவ்யரின் கதை முழுப் பொருளுடன் விளங்குகிறது. காவலர் மௌனத்தைக் குற்றத்தின் சான்றாகக் கொண்டனர். வகுப்பறையிலும் பேசத் தெரிந்த குழந்தை நிரபராதியாகிறது. பேச இயலாத குழந்தை குற்றவாளியாகிறது. விதியை மட்டும் பார்க்கும் நீதிக்கு ஒரே ஒரு குற்றம் தெரியும்: பெட்டி உடைந்தது. பல நாள் நடந்த ஏளனம் எந்தப் பதிவிலும் இல்லை.

சீரமைப்பை நாடும் ஆசிரியர் என்ன செய்வார்? முதலில் இருவரின் கொதிப்பும் அடங்கும்வரை காத்திருப்பார். பின்னர் ஒவ்வொருவரையும் தனியே கேட்பார். புதியவனிடம் அவன் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு பேசுவார்; பள்ளியின் ஆயாவாக இருந்தாலும் சரி. அல்லது நடந்ததைப் படமாக வரையச் சொல்வார். 'ஏன் செய்தாய்?' என்பது குழந்தையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். எனவே, 'என்ன நடந்தது?' என்று கேட்பார். இருவரும் இசைந்தால் ஒன்றாக அமர்த்தி, ஒருவர் பேச மற்றவர் கேட்கச் செய்வார்.

அப்போது இரண்டு காயங்கள் வெளிப்படும். ஒன்று மற்றொன்றை நியாயப்படுத்தாது என்பதையும் ஆசிரியர் தெளிவாக்க வேண்டும். ஏளனம் செய்தது தவறு. பெட்டியை உடைத்ததும் தவறு. உடைத்தவன் தன் பென்சில்களைச் சில நாட்கள் பகிர்ந்துகொள்ளலாம். பெட்டியை ஒட்டித் தர உதவலாம். ஏளனம் செய்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை அவனே யோசித்துச் சொல்லட்டும். புதியவனிடமிருந்து சில தமிழ்ச் சொற்களைக் கற்று வகுப்பில் சொல்லிக் காட்ட அவன் முன்வந்தால், பிற மொழி நாவில் எவ்வளவு இடறும் என்பதை அவன் தானே உணர்வான். சிரித்த மற்றவர்களுக்கும் இதில் பங்குண்டு என்பதை வகுப்பு முழுவதும் அமர்ந்து பேசும்போதுதான் உணர முடியும்.

எதிர்வாதங்கள்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய வேண்டும்.

'இது மென்மையானது, குழந்தைகள் கெட்டுப் போவர்' என்பது முதல் வாதம். தன்னால் அழுத நண்பனின் முகத்தைப் பார்த்து, 'நான்தான் செய்தேன்' என்று சொல்வது எளிதன்று. சுவரைப் பார்த்து அரை மணி நேரம் நிற்பது அதைவிட எளிது.

இரண்டாவது வாதம் கனமானது: பாதிக்கப்பட்ட குழந்தையை மன்னிக்கும்படி வற்புறுத்துவது மற்றொரு கொடுமையாகாதா? ஆகும். 'சாரி சொல்லிவிட்டான், கை குலுக்கு' என்று அவசரப்படுத்துவது சீரமைப்பே அன்று. மன்னிப்பு கேட்பது தவறியவரின் கடமை. மன்னிப்பது மற்றவரின் உரிமை. அந்த உரிமையில் மறுக்கும் உரிமையும் அடங்கும். இருவரும் நண்பர்களாக வேண்டும் என்பதுகூட நிபந்தனையன்று. இருவரும் அச்சமின்றி ஒரே அறையில் அமர முடிந்தால் போதும்.

மூன்றாவது, எல்லாத் தவறுகளையும் இப்படிப் பேசித் தீர்க்கலாமா? தீர்க்கலாகாது. குழந்தைமீது பாலியல் கொடுமை நிகழ்ந்தது தெரிய வந்தால், அதைக் காவல்துறைக்கோ உரிய பிரிவுக்கோ அறிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். பள்ளியின் நற்பெயரைக் காப்பதற்காகச் சமரசம் என்ற பெயரில் அதை மூடுவது நீதியின் பெயரால் செய்யும் அநீதி. ஆசிரியரோ பிற பெரியவரோ குழந்தைக்குத் தீங்கு செய்த நிலையிலும், சம பலமற்ற இருவரை எதிரெதிரே அமர்த்தி 'பேசிக்கொள்ளுங்கள்' என்பது பொருந்தாது.

நான்காவது, இது உண்மையில் பலன் தருகிறதா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் 2015 முதல் இரண்டு ஆண்டுகள் இம்முறையை ஆராய்ந்து, ராண்ட் நிறுவனம் 2018-இல் அறிக்கை வெளியிட்டது. மாணவர்களை இடைநீக்கம் செய்வது குறைந்தது. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கருதினர். ஆயினும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் கல்வித் தேர்ச்சி சற்றே சரிந்தது. ஆகவே இதனை எல்லா நோய்க்கும் மருந்தெனக் கொள்ளலாகாது. பயிற்சியும் நேரமும் இன்றி ஆசிரியர்மீது மேலும் ஒரு சுமையாக ஏற்றினால், பாடமும் கெடும், பேச்சும் வெறும் சடங்காகும். தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வகுத்திருப்பது வெறும் கணக்கன்று. ஒவ்வொரு குழந்தையையும் கேட்பதற்குத் தேவையான செவிகளின் எண்ணிக்கை அது.

உறவே அடித்தளம்

சீரமைத்தல் என்றால் முன்பு இருந்ததை மீண்டும் நிறுத்துதல். முன்பு ஒன்றுமே இல்லையெனில் எதை நிறுத்துவது? ஒருவரையொருவர் அறியாத நாற்பது குழந்தைகளிடையே முறிவதற்கோர் உறவே இல்லை. எனவே தவறு நிகழ்ந்த பின் செய்வதைவிட, நிகழாத நாட்களில் செய்வதே பெரிது.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. காலையில் பத்து நிமிடம் குழந்தைகள் வட்டமாக அமரட்டும். ஒரு கூழாங்கல்லோ பந்தோ கைமாறிக் கொண்டே வரட்டும். அதைக் கையில் வைத்திருப்பவர் பேச, மற்றவர் கேட்கட்டும். 'நேற்று எது உனக்கு மகிழ்ச்சி தந்தது?' என்ற எளிய கேள்வி போதும். பேச விரும்பாதவர் கல்லை அடுத்தவரிடம் தந்துவிடலாம். ஆசிரியரும் அதே வட்டத்தில் அமர்ந்து, தம் முறை வரும்போது பேச வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் அதன் வீட்டில் ஒலிப்பதுபோலச் சரியாக உச்சரிப்பதும் ஒரு தர்மமே.

ஆசிரியரும் மாணவரும் ஒருவர்மீது ஒருவர் பகை கொள்ளாதிருக்க வேண்டும் என்ற பிரார்த்தனையுடன் கல்வியைத் தொடங்குவது உபநிஷத மரபு. அந்தப் பிரார்த்தனையை ஆசிரியர் மாணவருக்காகச் செய்வதில்லை. இருவரும் சேர்ந்து செய்கின்றனர். கற்பிப்பவர் உள்ளத்திலும் பகை எழக்கூடும் என்பதை நம் ரிஷிகள் மறைக்கவில்லை. ஆசிரியர்களை நிர்வாகம் நடத்தும் விதமும் இதில் அடங்கும். குழந்தைகள் முன்னிலையில் இகழப்படும் ஆசிரியரிடம் மரியாதையைக் கற்பிக்கச் சொல்வது, வற்றிய கிணற்றில் நீர் இறைக்கச் சொல்வதாகும்.

காந்தியடிகள் கண்ட இரு காட்சிகள்

காந்தியடிகளின் சத்திய சோதனை இப்பொருளுக்கு இரண்டு சாட்சிகளைத் தருகிறது. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சிறுவர்கள் பலர் இருந்தனர். போப் பாதிரியாரின் கையேட்டைக் கொண்டு கற்ற தமிழை வைத்து அவரே அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். அங்கே முரட்டுத்தனம் மிக்க ஒரு சிறுவனை ஒருமுறை அவர் ரூல்தடியால் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடல் நடுங்கியது. சிறுவன் அழுது மன்னிப்புக் கேட்டான். அவன் மனம் மாறியது அடியின் வலியினால் அன்று, அடித்தவரின் வேதனையைக் கண்டதனால் என்பதே காந்தியடிகளின் கணிப்பு. ஆயினும் அவர் அதைத் தம் வெற்றியாகக் கொள்ளவில்லை; அச்செயலுக்காக வருந்தினார்.

மற்றொன்று அவருடைய பதினைந்தாம் வயதில் நிகழ்ந்தது. அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டைத் திருடியவர், குற்ற உணர்வு தாளாமல், நோயுற்றிருந்த தந்தைக்கு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். தகுந்த தண்டனையும் வேண்டினார். இனித் திருடுவதில்லை என்று உறுதியும் அளித்தார். தந்தை படித்தார், கண்ணீர் காகிதத்தை நனைத்தது, அதைக் கிழித்துப் போட்டார். அவ்வளவுதான். உண்மையை ஒப்புக்கொள்ளுதல், விளைவை ஏற்க முன்வருதல், இனிச் செய்யேன் என்ற உறுதி – சீரமைப்பின் மூன்று அங்கங்களும் அந்த ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தன. அந்த மகன் எழுதத் துணிந்ததற்குக் காரணம் தண்டனை கிடைக்காது என்ற எண்ணமன்று. உறவு முறியாது என்ற நம்பிக்கை.

நாம் செய்யக் கூடியது

செய்த செயலை மீண்டும் செய்யாததாக ஆக்க முடியாது என்பதே மனித வாழ்வின் பெரும் துயரம் என்றும், மன்னிப்பும் வாக்குறுதியும் மட்டுமே அதற்கு மருந்து என்றும் ஹன்னா அரெண்ட் 1958-இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கினார். மன்னிப்பு கடந்த காலத்தின் கட்டை அவிழ்க்கிறது; வாக்குறுதி வருங்காலத்திற்கு ஒரு கரையைக் கட்டுகிறது. இவ்விரண்டையும் கற்க மிக ஏற்ற இடம் தொடக்கப் பள்ளி. அங்கே இழப்புகள் சிறியவை: ஒரு பென்சில் பெட்டி, ஒரு சுடுசொல், விளையாட்டில் ஓர் இடம். சிறிய இழப்புகளைச் சீர்செய்யப் பழகியவருக்கே பெரிய இழப்புகளை எதிர்கொள்ளும் வலிமை வாய்க்கும்.

பெற்றோரும் இதில் பங்குபெறலாம். பிள்ளை சண்டையிட்டு வந்தால், 'நீ திருப்பி அடித்தாயா?' என்றோ, 'யார்மீது தவறு?' என்றோ கேட்கும் வழக்கத்தைச் சற்றே நிறுத்தி வைப்போம். 'என்ன நடந்தது? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? உனக்கு எப்படி இருந்தது? நாளை காலையில் நீ என்ன செய்யலாம்?' என்று கேட்போம். விடை வரும்வரை பொறுமையுடன் காத்திருப்போம். பேசாத குழந்தையிடம் மேலும் சிறிது நேரம் அமர்ந்திருப்போம். நீதி அந்தக் காத்திருப்பில் தொடங்குகிறது.